சுருட்டை முடி, கறுப்புத் தோல், சொந்த பிராண்ட்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், மற்றவர்களின் பிராண்டுகளுக்கு ஷாம்பு, க்ரீம் தயாரித்துக் கொடுக்கும் ஆலையில் ஃபார்முலா போடுவது என் வேலை. எங்களிடம் வரும் சின்ன பிராண்டுகளில் பல, கறுப்பினப் பெண்கள் தொடங்கியவை. அவர்களைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நான் வேதியியல் படித்தவள், மருத்துவர் அல்ல. தோல் நோய்க்கு மருந்து கேட்டவர்கள் மன்னிக்கவும்.

திருப்பூர் சுருட்டைக்காரி: அக்கா, முடின்னா எல்லாம் முடிதானே? அவங்களுக்குன்னு தனி ஷாம்பு, தனி க்ரீம் எதுக்கு? விளம்பரத் தந்திரமா?

தந்திரம் கொஞ்சம் உண்டு, எந்தத் தொழிலில் இல்லை? ஆனால் அடிப்படைக் காரணம் உண்மையானது. தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். நெருங்கிச் சுருண்ட முடியில் பாதி வழியிலேயே நின்றுவிடும். வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி. அதோடு இந்த முடியை வெட்டிப் பார்த்தால் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, நீள்வட்டமாகத் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். காய்ந்த முடியில் மேலிருந்து சீப்பை இழுத்தால் முடி கையோடு வரும்.

அதனால் நுரை பொங்கும் சல்ஃபேட் ஷாம்புவை அடிக்கடி போடுவதில்லை. கண்டிஷனர் வழுக்கலோடு, ஈரத்திலேயே, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பார்கள். பிறகு தண்ணீர், எண்ணெய், க்ரீம் என்று அடுக்கடுக்காகப் பூசுவார்கள். பலருக்கு ஞாயிற்றுக்கிழமையில் பாதி இதிலேயே போய்விடும். நேர்முடிக்காரர்களை மனதில் வைத்துச் செய்த பாட்டில் இவர்களுக்கு எப்படி ஒத்துவரும்? நீங்களும் சுருட்டை என்றால் இந்த முறை உங்களுக்கும் பொருந்தும். தேங்காயெண்ணெய் கெட்டதில்லை. ஆனால் அது ஈரம் தராது, இருக்கும் ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய்.

மதுரைக்காரன்: மேடம் சி. ஜே. வாக்கர் என்ற கறுப்பினப் பெண் தொழிலதிபர்தான், முடியை நேராக்கும் சூடுசீப்பைக் கண்டுபிடித்தாராமே? இந்தத் தொழிலையே அவர்தான் தொடங்கினார் என்கிறார்கள்.

இரண்டும் இல்லை. சூடுசீப்பு அவருக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது. தொழிலிலும் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு: ஆனி டர்ன்போ மலோன். 'போரோ' என்ற பெயரில் செயின்ட் லூயிஸில் முடிப் பராமரிப்புப் பொருள் விற்றவர். 1918-ல் அங்கேயே போரோ கல்லூரி என்று ஒரு பெரிய கட்டடம் எழுப்பிப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். வாக்கரே முதலில் மலோனின் ஏஜென்ட்தான். வரலாறு மலோனை ஓரங்கட்டியது அநியாயம் என்பது என் கட்சி.

அதற்காக வாக்கரைக் குறைத்துச் சொல்லவில்லை. இயற்பெயர் சாரா ப்ரீட்லவ். 1867-ல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு, விடுதலைக்குப் பிறகு பிறந்த முதல் குழந்தை. 7 வயதில் தாய் தகப்பன் இல்லை, 14-ல் கல்யாணம், 20-ல் கைக்குழந்தையோடு விதவை. துணி வெளுத்துப் பிழைத்தார். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் எப்போதாவது தலை அலசிய காலம், சோப்பும் காரமானது. தலைத்தோலில் புண் வந்து முடி கொட்டுவது பரவலாக இருந்தது. அவருக்கும் கொட்டியது. 1905-ல் டென்வர் போனார், அடுத்த ஆண்டு சார்ல்ஸ் வாக்கரை மணந்து அந்தப் பெயரிலேயே சொந்தச் சரக்கு போட்டார்.

அவர் விற்ற தலைக் களிம்பில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெட்ரோலியம் ஜெல்லியில் கந்தகம் கலந்த மருந்து, தலைத்தோல் புண்ணுக்குக் கந்தகம் அன்று தெரிந்த வைத்தியமே. விற்ற முறைதான் புதிது. வீட்டு வேலையும் சலவையும் தவிர வேறு வழியில்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெட்டி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார். 1917-ல் ஃபிலடெல்பியாவில் அந்த ஏஜென்ட்களுக்கு மாநாடே நடத்தினார். 1919-ல் இறந்தபோது, ஹட்சன் நதிக்கரையில் வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் கட்டிக்கொடுத்த மாளிகையில் இருந்தார்.

சைதாப்பேட்டை: திருப்பதியில் நாம் கொடுக்கும் முடி அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தலைக்குத்தான் போகிறது என்கிறார்கள். நிஜமா?

ஒரு பகுதி நிஜம். திருமலை, பழனி, திருத்தணி மொட்டை முடியெல்லாம் ஏலத்துக்குப் போகிறது. நீளமான முடியைச் சிக்கெடுத்து, வேர்ப்பக்கம் ஒரே திசையில் வைத்துத் தைத்து ஏற்றுமதி செய்யும் ஆட்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதை விக்காகவும் சடையோடு தைக்கும் கற்றையாகவும் வாங்குபவர்களில் கறுப்பினப் பெண்கள் முக்கியமானவர்கள்.

ஆனால் கடை அவர்களுடையது இல்லை, பெரும்பாலும் கொரியர்களுடையது. 1960களில் தென் கொரியாவின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று விக். சீன முடிக்கு அமெரிக்கா தடை போட்டதும் கொரியாவுக்கு யோகம். குடியேறிய கொரியர்கள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் கடை வைத்தார்கள், கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த விற்பனையும் அவர்கள் கைக்கே போனது. தன் இனத்துக்காக க்ரீம் செய்யும் பெண்ணும் அந்தக் கவுன்டரில் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது. பெரிய சங்கிலிக் கடைகளோ இந்தப் பொருள்களைத் தனி ஓரத்தில், சில இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியே வைத்திருந்தன. வால்மார்ட் அந்தப் பூட்டை எடுப்பதாக அறிவித்தது 2020 ஜூனில்!

கார்த்தி, டொரன்டோ: அக்கா, "நம்ம மக்களுக்காக" என்று தொடங்குகிறார்கள், வளர்ந்ததும் லோரியாலுக்கும் யுனிலீவருக்கும் விற்றுவிட்டுப் போகிறார்கள். இது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன் தம்பி. நடந்ததைச் சொல்கிறேன். லிசா பிரைஸ் 1993-ல் புரூக்ளினில் வீட்டுச் சமையலறையில் கலக்கித் தொடங்கிய 'கரோல்ஸ் டாட்டர்' 2014-ல் லோரியாலுக்குப் போனது. லைபீரியாவிலிருந்து படிக்க வந்து, உள்நாட்டுப் போரால் ஊர் திரும்ப முடியாமல் நின்ற ரிஷலூ டென்னிஸ், பாட்டி சியரா லியோனில் ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) விற்ற கதையை வைத்து 'ஷியா மாய்ஸ்ச்சர்' கட்டினார். அது 2017-ல் யுனிலீவருக்கு. நர்ஸாக இருந்த மொனிக் ராட்ரிகஸின் 'மியெல்' 2023-ல் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு. ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், "ஃபார்முலாவை மாற்றிவிட்டார்கள்" என்ற புகாரும் வந்தது. ஷியா மாய்ஸ்ச்சர் 2017-ல் வெள்ளைப் பெண்களை முன்னால் நிறுத்தி ஒரு விளம்பரம் போட்டு, வசவு வாங்கி, திரும்பப் பெற்றது. அந்தக் கோபம் நியாயம்.

இப்போது ஆலைப் பக்கமிருந்து பாருங்கள். ஒரு பெரிய சங்கிலிக் கடை, "எங்கள் எல்லாக் கிளைக்கும் வேண்டும்" என்று ஆர்டர் கொடுக்கிறது. பாட்டில், மூடி, லேபிள், மூலப்பொருள் எல்லாவற்றுக்கும் பணம் முன்னாடியே வேண்டும். எங்களைப் போன்ற ஆலைகளும் பாதித் தொகை வாங்காமல் கொப்பரையைச் சூடாக்க மாட்டோம். கடை காசு தருவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. விற்காததைத் திருப்பி அனுப்பும், அலமாரியில் நல்ல இடத்துக்கும் விளம்பரத்துக்கும் தனியாகக் கேட்கும். ஆக, ஆர்டர் பெரிதாகப் பெரிதாகக் கையில் காசு இல்லாமல் போகும். வங்கியும் முதலீட்டாளரும் ஓடிவந்து கொடுக்கும் இனமும் அல்ல அவர்கள். அமெரிக்காவில் புதுக் கம்பெனிகளுக்குப் போடும் வென்ச்சர் முதலீட்டில் கறுப்பினத்தவருக்குப் போவது சதவீதக் கணக்கில் ஒன்றிரண்டைத் தாண்டுவதே அபூர்வம்.

கம்பெனியை விற்காமல் நின்றால் என்ன ஆகும்? 'அமி கோலே'வைப் பாருங்கள். ஹார்லெமில் முடி பின்னும் சலூன் நடத்திய செனகல் நாட்டு அம்மாவின் பெயரை வைத்து மகள் 2021-ல் தொடங்கிய பிராண்ட். லிப் ஆயிலுக்கு அடிதடி, செஃபோரா அழகுசாதனக் கடைகளில் இடம், பத்திரிகைப் பாராட்டு எல்லாம் இருந்தது. 2025-ல் மூடிவிட்டார். வாங்குகிறவர்கள் குறைந்து மூடவில்லை, பெரிய கம்பெனிகளோடு அலமாரிச் செலவில் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஷியா மாய்ஸ்ச்சரின் டென்னிஸ், விற்ற கையோடு கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்காக 10 கோடி டாலர் நிதி அமைத்தார். மதுரைக்காரருக்குச் சொன்ன அந்த வாக்கர் மாளிகையை 2018-ல் வாங்கியதும் அவருடைய அறக்கட்டளைதான். துரோகம் என்று என்னால் எழுத முடியவில்லை.

பெயர் வேண்டாம்: "கறுப்பினத்தவருக்கு மட்டும்" என்று போடுவதே பாகுபாடு இல்லையா?

பாட்டிலில் யாரும் அப்படிப் போடுவதில்லை, சுருட்டை முடி யாருக்கு இருந்தாலும் வாங்கலாம். நீங்கள் கேட்பது நிதியைப் பற்றி என்றால், அந்த வாதம் கோர்ட்டுக்கே போய்விட்டது. அட்லான்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அமைப்பு கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. 2023-ல் வழக்குப் போட்டார்கள், 2024-ல் சமரசமாகி அந்தத் திட்டம் மூடப்பட்டது.

ஃபர்ஹானா, சிங்கப்பூர்: பாடகி ரிஹானாவின் ஃபென்டி பிராண்ட், முகத்தில் பூசும் ஃபவுண்டேஷனை 40 நிறத்தில் விட்டது அவ்வளவு பெரிய புரட்சியா?

எண்ணிக்கை புரட்சி அல்ல. 1973-லேயே யூனிஸ் ஜான்சன் 'ஃபேஷன் ஃபேர்' தொடங்கினார், 1994-ல் மாடல் இமான் தன் பெயரில் தொடங்கினார். 2017-ல் ஃபென்டி செய்தது வேறு: ஆழ்ந்த நிறங்களைப் பிறகு சேர்க்காமல், முதல் நாளே வெளிர் நிறங்களோடு சமமாக அடுக்கியது. கருத்த நிறம் என்றால் கறுப்பு நிறமியை அள்ளிக் கொட்டுவது என்று நினைத்த கம்பெனிகளின் ஃபவுண்டேஷன் முகத்தில் சாம்பல் பூத்து நிற்கும். ஆழ்ந்த நிறத்திலும் சிவப்பு, மஞ்சள், ஆலிவ் சாயல்கள் தனித்தனி. அதைப் பிரிக்க ஆய்வகத்தில் நேரம் வேண்டும், சோதிக்க அந்த நிற முகங்கள் வேண்டும். பின்னால் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் கம்பெனியின் பணமும் இருந்தது, மறக்க வேண்டாம்.

தூத்துக்குடி டீச்சர்: இவர்கள் க்ரீமும் கடைசியில் சிவப்பழகு க்ரீம்தானா? "ஃபேடட்" (மங்கியது) என்றெல்லாம் பெயர் வைக்கிறார்களே.

இல்லை டீச்சர். கருத்த தோலில் பரு வந்து போனாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். டாபிகல்ஸ் பிராண்டின் ஃபேடட் போன்றவை அந்தப் புள்ளிக்கு. புள்ளியை மங்கச் செய்யும் அசெலாயிக் அமிலம், டிரானெக்ஸாமிக் அமிலம், நியாசினமைட் எல்லாம் இருக்கும். மொத்த நிறத்தையும் வெளுக்க வைப்பது நோக்கமில்லை. பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீமோடு இதைச் சேர்க்காதீர்கள்.

கூடவே சன்ஸ்கிரீன் போடாவிட்டால் புள்ளி திரும்ப வரும். துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் நம் நிறத்தில் விபூதி பூசியது மாதிரித் தெரியும். ஷான்டே லண்டி 2016-ல் பிளாக் கேர்ள் சன்ஸ்கிரீன் தொடங்கியதே அந்த வெள்ளைப்பூச்சு இல்லாத ஒன்று வேண்டும் என்றுதான். கரும்புள்ளி அதிகமென்றால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் உள்ளதைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது கொஞ்சம் தடுக்கும்.

யாழினி, லண்டன்: முடியை நேராக்கும் ரசாயனத்தால் புற்றுநோய் வருமா?

2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று, சுமார் 33,000 பெண்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64. தொடர்பு தெரிகிறது, ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. முடியை நேராக்கும் சலூன் கெரட்டின் சிகிச்சைகளில் பலவும் சூடுபட்டதும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். நான் செய்துகொள்ள மாட்டேன்.

முடி இயல்பாகவே இருக்கட்டும் என்று விடவும் கறுப்பினப் பெண்களுக்குச் சுலபமில்லை. சடை, ஜடாமுடி காரணமாக வேலை மறுப்பதையும் பள்ளியிலிருந்து அனுப்புவதையும் தடுக்க கலிஃபோர்னியா 2019-ல் முதன்முதலாக கிரவுன் சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள் போட்டன, நாடு முழுமைக்கும் இன்னும் இல்லை.

கோவை அடுப்படி: அக்கா, சுருட்டை முடிக்கு ஷியா வெண்ணெய், கற்றாழைச் சாறு சேர்த்து க்ரீம் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். மணல் மணலாகிவிடுகிறது. பத்து நாளில் வாசனை மாறுகிறது. விற்கலாமா?

இப்போதைக்கு விற்காதீர்கள். மணல் பிரச்சினை எளிது: ஷியா மெதுவாக ஆறினால் அதன் கொழுப்பு தனித்தனிக் கட்டியாக உறையும். முழுதாக உருக்கி, கலக்கிக்கொண்டே வேகமாகக் குளிரவையுங்கள். வாசனை மாறுவதுதான் ஆபத்து, அது கிருமி. தண்ணீரோ கற்றாழையோ இருக்கும் எதற்கும், கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் கட்டாயம். வைட்டமின் ஈ பிரிசர்வேட்டிவ் அல்ல, அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்க்கும், அவ்வளவுதான். பிரிசர்வேட்டிவாக ஃபீனாக்ஸிஎத்தனால் என்றால் 1 சதவீதத்துக்குள் போடுங்கள். பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 4.5-லிருந்து 5.5-க்குள் வையுங்கள்.

அதன்பின் ஒரு ஆய்வகத்தில் கொடுத்து, வேண்டுமென்றே பாக்டீரியாவும் பூஞ்சையும் விட்டு 28 நாள் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது தேறினால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அழகுசாதனத் தயாரிப்பு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு அடுப்படிக்குக் கிடைக்காது, ஏற்கெனவே உரிமம் உள்ள ஆலையில் செய்து வாங்குவதுதான் உங்களுக்குச் சுலபம். முதல் தொகுதியைச் சிறியதாகப் போடுங்கள். விரல் விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், ட்யூபில் அடையுங்கள்.