சந்தகைப் பந்தியில் சொதி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவரின் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) வயது எண்பதைக் கடந்துவிட்டது. இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, 1970களில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். பொங்கல் நோம்பிக்கு உறவெல்லாம் கூடி நாங்கள் இடியாப்பம் போன்ற சந்தகை பிழியும்போது, அவர் மட்டும் தனி அடுப்பில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைப்பார். கைநடுக்கத்தால் சென்ற ஆண்டு அதையும் விட்டுவிட்டார். அவருடைய நினைவுகளை எழுதிவைக்க ஆசை. கேட்டால், "என்னத்தச் சொல்றது கண்ணு" என்று பேச்சை முடித்துவிடுகிறார். எப்படிக் கேட்பது?
— ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: நோட்டும் கைப்பேசியுமாக எதிரே போய் உட்கார்ந்தால் எந்தப் பெரியவருக்கும் பேச்சு வராது. தேங்காயையும் துருவுமணையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சொதிக்குப் பால் எத்தனை முறை பிழிய வேண்டும் என்று கேளுங்கள். மீதி தானாக வரும்.

எங்கள் வீட்டிலும் ஒரு சிலோன் அம்மாயி இருந்தார். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) சித்தப்பா மகள். அந்தச் சித்தப்பா தேயிலைக் கொழுந்துக் காட்டுக்குப் பிழைக்கப் போன இடத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தவர். நோம்பிதோறும் அவருக்கும் என் அம்மாவுக்கும் ஒரு வழக்கு நடக்கும். ஊறவைத்த புழுங்கலரிசியை ஆட்டி, இட்லி போல வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் இட்டு இரண்டு பேர் தம் பிடித்து அழுத்துவது நம் வழக்கம். அவரோ வறுத்த மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, பிழிந்த பிறகு ஆவியில் வைப்பார். "நீங்க வேக வெச்சுட்டுப் பிழியறீங்க, நாங்க பிழிஞ்சுட்டு வேக வெப்போம், வயித்துக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் தன்னுடையதுதான் மிருது என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். (உண்மையில் மிருதுதான். அம்மா இருந்தவரை இதை எழுதும் துணிச்சல் எனக்கு வரவில்லை.)

நாங்கள் தேங்காய்ப்பாலில் நாட்டுச்சர்க்கரை கலந்து சந்தகையின் மேல் ஊற்றிக்கொள்ள, அவர் அதே தேங்காயைச் சொதியாக்குவார். இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டு, முதல் பாலை விட்டு நுரை கூடியதும் இறக்கி, அதன் பிறகே எலுமிச்சையைப் பிழிவார். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். சாப்பாடு முடிந்ததும் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) குடிப்பார். சீனியை டம்ளரில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார். வீட்டில் எல்லோரும் சர்க்கரையை அஸ்கா என்று சொல்ல, அவர் ஒருவர் மட்டும் கடைசிவரை சீனி என்றே சொன்னார்.

பொங்கல் குழம்புக்கு வேலியில் அவரைக்காய் பறிக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி ஓடும். பிடி நிறைந்ததும் வலக்கை தோளுக்குப் பின்னால் போய், அங்கே கூடை இல்லை என்று கண்டு திரும்பி வரும். பார்த்துச் சிரித்த சிறுவர்களில் நானும் ஒருவன்.

பேச்சு சூடு பிடித்த பிறகு நீங்கள் ஊர்க் கதைக்குப் போகலாம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாட்டில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாகி, மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களை அரசுக் கோப்புகள் 'தாயகம் திரும்பியோர்' என்று குறித்தன. எங்கள் அம்மாயியோ அந்தத் தாயகத்தை முதன்முதலாகப் பார்த்ததே இராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோதுதான். அவருடைய அப்பா தனுஷ்கோடி வழியாகப் போனவர்; அம்மாயி வந்தபோது, 1964 டிசம்பர்ப் புயலில் அந்த ஊரே இல்லாமல் போயிருந்தது. ஆகவே, தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது மூட்டையில் என்ன இருந்தது, மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், முதல் நோம்பி எந்த ஊரில் என்று கேளுங்கள். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை பெட்டியில் இருந்தால் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். அதிலுள்ள பெயரும் வயதும் தவறாக இருந்தால் அதற்கும் ஒரு கதை இருக்கும்.

இந்த நோம்பிக்குச் சொதியை நீங்கள் வையுங்கள். அம்மாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எலுமிச்சையைப் பிழிய வேண்டிய நேரத்தை மட்டும் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் சிலோன் உறவு உண்டு. நோம்பியன்று கவுச்சி ஆகாது. மாசிக் கருவாடு போடாமல் சம்பல் சுவைக்குமா?
— ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: தாராளமாகச் சுவைக்கும். வரமிளகாயையும் உப்பையும் முதலில் அம்மியில் நுணுக்கி, சின்ன வெங்காயத்தை வைத்து நசுக்கி, தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்த்து இரண்டு இழுப்பு இழுத்து வழித்து, எலுமிச்சை பிழியுங்கள். மிக்சியில் போட்டால் சட்னியாகிவிடும்.