ரசீதின் தலைப்பைப் பாருங்கள், அம்மா

கேள்வி: ஐயா, திருப்பூரில் முப்பது வருடம் இருந்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் சொந்த ஊரான திருமங்கலத்துக்கே வந்துவிட்டோம். கையில் 12 லட்ச ரூபாய் இருக்கிறது. தெருமுனையில் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. வட்டியும் கூடக் கிடைக்கும் என்கிறார்கள். மொத்தத்தையும் அங்கே போட்டுவிடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மொத்தத்தையும் வேண்டாம் அம்மா. உள்ளூரிலேயே கணக்கு வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். மருந்து வாங்கப் பணம் எடுக்க மதுரைக்குப் பஸ் ஏற முடியுமா? ஆனால் பணம் கட்டுமுன் ரசீதின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையில் எட்டு ரசீது கொண்டுவந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. மேலே லட்சுமி படம், கீழே 'நிதி லிமிடெட்'. அதாவது வங்கி இல்லை, உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் தரும் கம்பெனி. கடைசிவரை அவர் அதை 'நம்ம பேங்க்' என்றுதான் சொன்னார். அது பூட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். இன்னும் என் மனசு ஆறவில்லை.

டெபாசிட் காப்பீடு உள்ள வங்கி நொடித்துப்போனாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை கிடைக்கும். 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சம்தான். அரசு வங்கி, தனியார் வங்கி, மதுரை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி எல்லாம் இதில் வரும். கடைசியாகச் சொன்னது, 2019இல் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்த நம்ம பழைய பாண்டியன் கிராம வங்கிதான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் காப்பீட்டில் வராது, நிதி கம்பெனியும் வராது.

சங்கத்தைக் குறை சொல்லவில்லை. பயிர்க்கடனுக்கும் அவசரத்துக்கு நகையை வைப்பதற்கும் அதுதான் கைகொடுக்கும், உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள். டெபாசிட்டை மட்டும் மூன்று வங்கிகளில் நாலு நாலு லட்சமாகப் பிரித்துப் போடுங்கள். வட்டிக்கும் இடம் வேண்டும் என்பதால்தான் 5 லட்சம் வரை போகச் சொல்லவில்லை. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டால் ஒன்றாகத்தான் கணக்காகும்.

மூத்த குடிமக்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன, கேட்டு வாங்குங்கள். அப்புறம், எந்த வங்கி என்று முடிவு செய்யுமுன் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுது அங்கே போய் உட்காருங்கள். பென்ஷன் வாங்க வருகிறவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கணக்கை இருவர் பெயரிலும் தொடங்கி, நாமினி பதிவானது ரசீதில் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.