தூரத்துக் கிளையை எட்டிப் பிடிக்கும் கேமரா: கேள்வி பதில்

லென்ஸைக் கழற்ற முடியாத, ஒரே உடம்பில் நீண்ட ஜூமும் சேர்ந்திருக்கிற கேமராவுக்கு பிரிட்ஜ் கேமரா என்று பெயர். 12 வருடமாக இந்த வகையில் மூன்றை வைத்துக்கொண்டு பறவைகள் பின்னால் அலைந்திருக்கிறேன். வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுடையவை. விலை அடிக்கடி மாறும் என்பதால் எது எதைவிட மலிவு என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.

அக்கா, 50எக்ஸ், 65எக்ஸ், 83எக்ஸ், 125எக்ஸ் என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறார்கள். எக்ஸ் கூடினால் அவ்வளவு தூரம் எடுக்கலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. லென்ஸ் எவ்வளவு தூரத்தைக் கிட்டே இழுக்கும் என்பதை மி.மீ. எண்ணில் சொல்வார்கள். அதன் கடைசி எண்ணை ஆரம்ப எண்ணால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். பானாசோனிக் எஃப்இசட்82 20 மி.மீ.யில் தொடங்கி 1200 வரை போகிறது, அது 60எக்ஸ். சோனி எச்எக்ஸ்400வி 24இல் தொடங்கி அதே 1200 வரை போகிறது, அது 50எக்ஸ். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் குருவி இரண்டிலும் ஒரே அளவுதான் தெரியும். அந்த 10 எக்ஸ் வித்தியாசம் முழுக்க அகலப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன அறைக்குள் எல்லாரையும் நிற்க வைத்து எடுக்க உதவும், குருவிக்கு உதவாது.

அதனால் கடைசி மி.மீ. எண்ணைப் பாருங்கள். 10 மீட்டர் தூரத்தில் ஒரு கிளை இருக்கிறது என்று வையுங்கள். 600 மி.மீ.யில் அந்தக் கிளையில் சுமார் 60 செ.மீ. அகலம் படத்தில் விழும். 1200இல் 29 செ.மீ. நிகான் பி950இன் 2000இல் 17 செ.மீ. சிட்டுக்குருவி அலகிலிருந்து வால் வரை சுமார் 15 செ.மீ. இருக்கும். அதாவது 2000இல் ஒரு குருவி படம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இந்த மி.மீ. எண்கள் ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக் கேமராவின் கணக்குக்கு மாற்றிச் சொல்பவை. லென்ஸ் விளிம்பில் 4.3-357 என்று சின்னதாக அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான்.

காலையில் எடுத்தால் அருமையாக வருகிறது. சாயங்காலம் அதே மரம், அதே பறவை, இறகெல்லாம் பெயிண்ட் பூசினது போல ஆகிவிடுகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை. இந்த வகைக் கேமராவின் இயல்பே இதுதான். வாங்கும் முன்பே எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இவ்வளவு நீளமான ஜூமை ஒரு கையில் பிடிக்கிற உடம்புக்குள் அடக்க ஒரே வழிதான் இருக்கிறது: வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சாரைச் சின்னதாக்குவது. பெரும்பாலான நீண்ட ஜூம் கேமராக்களில் இருப்பது 1/2.3 இன்ச் என்று சொல்லப்படும் சென்சார். அளந்தால் சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு இன்ச் சென்சார் என்பது 13.2க்கு 8.8, பரப்பில் இதைப்போல் நான்கு மடங்கு. சின்ன சென்சாரில் விழும் மொத்த வெளிச்சமே குறைவு. அதோடு ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸின் திறப்பும் சுருங்கி எஃப் 6.5 வரை போய்விடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சின்னது, வெளிச்சம் குறைவு). காலை வெயிலில் இது தெரியாது. சாயங்காலம் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 3200க்கு ஏற்றும், புள்ளிகள் கிளம்பும், அந்தப் புள்ளிகளை கேமராவே தேய்த்து அழிக்கும். தேய்க்கும்போது இறகின் இழைகளும் சேர்ந்து போய்விடுகின்றன. நீங்கள் பெயிண்ட் என்று சொன்னது அந்தத் தேய்ப்புதான்.

இதே இடத்தில் பானாசோனிக் எஃப்இசட்300ஐ யோசித்துப் பாருங்கள். 2015இல் வந்த பழைய மாடல். அதே சின்ன சென்சார், 12 மெகாபிக்சல்தான், 600 மி.மீ.யோடு நின்றுவிடும். ஆனால் 25இலிருந்து 600 வரை எங்கேயும் திறப்பு எஃப் 2.8ஐவிடச் சுருங்காது. எஃப் 6.5ஐவிட ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். மற்றது ஐஎஸ்ஓ 3200 கேட்கிற இடத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 600 போதும். தூறலும் தூசியும் தாங்கும் உடம்பு வேறு. காட்டில் விலங்கு நடமாட்டம் அதிகம் இருப்பதே விடியலிலும் அந்தியிலும்தான். அந்த நேரத்துக்கு எக்ஸ் எண் கை கொடுக்காது, வெளிச்சம்தான் கை கொடுக்கும்.

உங்களிடம் இருப்பதை வைத்து இப்போதைக்குச் செய்யக்கூடியது: ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு 1600இல் வரம்பு போடுங்கள், முழு ஜூமிலிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள், பறவை அசையாத நொடியில் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். அதில் ஒன்று தேறும்.

மேடம், வீட்டுப் படம், பிள்ளைகள் ஆண்டு விழா, வருடத்துக்கு இரண்டு முறை காடு. ஒரே கேமராவில் எல்லாம் வேண்டும். கேனான் எஸ்எக்ஸ்70, நிகான் பி950, பானாசோனிக் எஃப்இசட்82டி மூன்றில் எது?

மூன்றில் என் ஓட்டு எஸ்எக்ஸ்70க்கு. 21இலிருந்து 1365 மி.மீ. வரை போகும், எடை சுமார் 600 கிராம், தோளில் நாள் முழுக்கக் கிடந்தாலும் தெரியாது. பி950 ஒரு கிலோ. பறவைக்காகவே வாங்குகிறவர்களுக்கு அந்த 2000 மி.மீ. உண்மையிலேயே பெரிய வரம், பெரிய ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரை வரை எட்டும். ஆனால் ஒரு கிலோ கேமரா ஆண்டு விழாவுக்குக் கிளம்பும்போது வீட்டிலேயே தங்கிவிடும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். எஃப்இசட்82டி வழக்கமாக மூன்றிலும் மலிவு. பழைய எஃப்இசட்82இன் வியூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல், சாவித்துவாரத்தில் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். 2024இல் வந்த டி மாடலில் அதைச் சரிசெய்துவிட்டார்கள், யுஎஸ்பி-சியும் கொடுத்தார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஆண்டு விழா என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இருட்டு அரங்கம், மேடையில் ஆடும் குழந்தைகள். அங்கே மூன்றுமே திணறும். வருடத்துக்கு இரண்டு முறைதான் காடு என்றால் செகண்ட் ஹேண்டில் பானாசோனிக் எஃப்இசட்1000 தேடிப் பாருங்கள். 2014 மாடல், ஒரு இன்ச் சென்சார், 25-400 மி.மீ., முழு ஜூமிலும் எஃப் 4. சின்னக் குருவிகளுக்கு 400 பற்றாது, மான், குரங்கு, யானைக்குத் தாராளம். மேடைக்கு அருமை.

சோனி ஆர்எக்ஸ்10 மாடல் 4 பற்றி?

ஒரு இன்ச் சென்சார், 24-600, எஃப் 2.4-4, நொடிக்கு 24 படம், பறப்பதைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸ். 2017இல் வந்தது, இந்த வகையில் அதை மிஞ்சி நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் கைக்கெட்டும் விலை என்ற பேச்சுக்குள் அது வராது.

உட்கார்ந்த பறவை சரி. பறக்கும் பருந்தை எடுக்கப் போனால் திரையில் வெறும் வானம்தான். ஜூமை இழுத்த பிறகு பருந்து எங்கே என்றே தெரிவதில்லை.

2000 மி.மீ.யில் கேமரா பார்ப்பது ஏறக்குறைய ஒரு பாகை அகலம்தான். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் அளவுக்கு வானம். அதில் பருந்தைத் தேடுவது ஊசித் துளையில் தேடுவது மாதிரி. ஜூமை முழுக்க இழுத்துவிட்டுத் தேடாதீர்கள். குறைந்த ஜூமில் பருந்தை நடுவில் வைத்து, அதோடு கூடவே உடம்பைத் திருப்பிக்கொண்டே ஜூம் செய்யுங்கள். தவறிவிட்டால் நிகானில் லென்ஸ் பக்கவாட்டிலும் கேனானிலும் ஒரு பொத்தான் இருக்கிறது: அழுத்தினால் ஜூம் சட்டென்று பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அந்தப் பொத்தான் எங்கே என்று விரல் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். பின்பக்கத் திரையை மறந்துவிட்டு வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள், இன்னொரு கண்ணையும் மூடாதீர்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் மலிவு பிரிட்ஜ் கேமராக்களில் பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் மெதுவாகத்தான் வரும். வட்டமடிக்கும் பருந்து, கழுகு கிடைக்கும். வேகமாக வளைந்து பறக்கும் சின்னத் தகைவிலானை மறந்துவிடுங்கள்.

அப்படியென்றால் லென்ஸை மாற்றக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கிவிடலாமே?

பறப்பதும் சாயங்காலமும்தான் உங்கள் ஆசை என்றால் தாராளமாக. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற பெரிய சென்சாரில் அந்த 300 மி.மீ. சுமார் 450க்குச் சமம், ஃபோகஸ் பாய்ந்து பிடிக்கும், ஐஎஸ்ஓ 3200லும் இறகு இறகாகவே இருக்கும். எட்டாத தூரத்துக்குத்தான் தவிப்பீர்கள். அங்கிருந்து 600க்குப் போக ஆசைப்பட்டால் எடையும் விலையும் இன்னொரு உலகம்.

நண்பகலில், ட்ரைபாடில் வைத்து, 2000 மி.மீ.யில் எடுத்தும் படம் கலங்கலாக இருக்கிறது. கை நடுக்கம் என்று சொல்லவே முடியாது.

அது காற்று. நானும் ஒரு மதியம் நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் 200 மீட்டரில் நின்ற சாம்பல் நாரையை 40 படம் எடுத்துவிட்டு, லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று மனம் நொந்து திரும்பினேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு படத்திலும் நாரையின் கழுத்து வேறு வேறு இடத்தில் நெளிந்திருந்தது, அடுப்பின் மேலே தெரியும் காட்சி போல. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கும். எந்த லென்ஸாலும் இதைத் தீர்க்க முடியாது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் அதே இடம், அதே கேமரா. நாரையின் அலகில் ஒட்டியிருந்த பாசி வரை தெரிந்தது.

நீளமான ஜூம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேமராவைக் குறை சொல்வோம். பாதி நேரம் குற்றம் தூரத்தினுடையது. 20 மீட்டர் கிட்டே போக முடிந்தால் அது எந்த எக்ஸையும்விடப் பெரிது.

கிட்டே போங்கள் என்கிறீர்கள். கூட்டில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதை எடுக்க ஆசை. எவ்வளவு கிட்டே போகலாம்?

கூட்டுக்கு வேண்டாம். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நாம் நிற்பதால் தாய் வரத் தயங்கினால் குஞ்சு வெயிலிலும் பசியிலும் கிடக்கும். இலையை ஒதுக்கி வழி செய்தால் காக்கைக்கும் பாம்புக்கும் நாமே கூட்டைக் காட்டிக்கொடுக்கிறோம். பறவை உங்களையே பார்த்துக் கத்தினாலோ, வாயில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் கிளை கிளையாகத் தாவினாலோ, நீங்கள் ஏற்கனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். இரை தேடும் இடம், குளிக்கும் இடம் பார்த்து ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பறவை தானாகப் பக்கத்தில் வரும்.

நிலா எடுக்க எது தேவை?

2000 மி.மீ.யில் நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நிகான் பி1000இன் 3000இல் ஓரம் வெட்டுப்படும். முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 வைத்துத் தொடங்குங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளைத் தட்டுதான் கிடைக்கும். பாதி நிலாவில் எடுத்துப் பாருங்கள், ஷட்டரை மட்டும் 1/60 வாக்கில் குறைத்து. இருளும் ஒளியும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும் என்பதால் ட்ரைபாடில் வைத்தாலும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் இந்த ஜூமைத் திருப்பாதீர்கள், சென்சார் பொசுங்கும்.

டிஜிட்டல் ஜூம்?

மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். வீட்டில் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பிரிட்ஜ் கேமராவில் லென்ஸ் போனால் கேமராவே போனது மாதிரி. அதனால் லென்ஸைத்தான் நோண்டிப் பார்க்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி பத்து முறை முழுக்க நீட்டி உள்ளே இழுங்கள். கரகர சத்தமோ நடுவில் தயக்கமோ இருந்தால் வேண்டாம். முழு ஜூமில் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். நான் முதலில் வாங்கிய பழைய கேமராவில் இதைச் செய்யவில்லை. எடுத்த வானத்தில் எல்லாம் வலது மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. உள்ளே தூசி. லென்ஸை முழுதாகப் பிரித்தால்தான் போகும் என்றார்கள், கூலி கேமரா விலையில் பாதிக்கு மேல் ஆனது. அடுத்து, செய்தித்தாளைச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுத்து மங்கினால் உள்ளே கண்ணாடி ஒன்று நகர்ந்திருக்கிறது, கேமரா எங்கோ விழுந்திருக்கும். டார்ச் அடித்துப் பூஞ்சையும் பாருங்கள். நிகான் பி900 மலிவாகக் கிடைக்கும், 2000 மி.மீ. எட்டும். ஆனால் அதில் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) கிடையாது, ஜேபெக் மட்டும்தான். வெளிச்சம் தப்பினால் பின்னால் சரிசெய்ய இடம் குறைவு.

பத்தாவது படிக்கும் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் அக்கா. எந்தப் பறவையில் தொடங்கச் சொல்லலாம்?

கொக்கில். பெரிது, மெதுவாக நடக்கும், ஒரே இடத்தில் வெகுநேரம் நின்று தண்ணீரையே பார்க்கும். ஃபோகஸ் புள்ளியை நடுவில் சின்னதாக வைத்து அதன் கண் மேல் போடச் சொல்லுங்கள். வெள்ளை உடம்பு என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். கொக்கு சரியாக வந்த பிறகு கரிச்சானுக்குப் போகட்டும். அதற்கு ஒரு படி கூட்ட வேண்டும். அந்தக் கறுப்புக்குள் இருக்கும் சிவந்த கண்ணை அவள் முதல் தடவை திரையில் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.