பத்து வாட் பேனலில் அரை ஆம்பியர் மட்டும் ஏன்?

கேள்வி: தோட்டத்து மோட்டார் அறையில் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுவதற்காக, 12 வோல்ட், 10 வாட் சோலார் பேனலில் 7805 ஐசியை இணைத்து 5 வோல்ட் எடுத்திருக்கிறேன். உச்சி வெயிலிலும் அரை ஆம்பியருக்கு மேல் வருவதில்லை. ஐசியும் தொட முடியாதபடி சுடுகிறது. இன்னொரு பேனல் வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வேண்டியதில்லை. ஐசியை மாற்றினால் போதும்.

12 வோல்ட் பேனல் என்ற பெயரில் விற்கப்படும் 36 செல் பேனல், முழு வெயிலில் உண்மையில் 18 வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில்தான் தன் முழுத் திறனைத் தரும். அப்போது 10 வாட் பேனலில் கிடைப்பது சுமார் 0.55 ஆம்பியர். 7805, உள்ளே வரும் மின்னோட்டத்தை அப்படியே வெளியே விட்டுவிட்டு, மிஞ்சும் 13 வோல்ட்டை வெப்பமாக்கிவிடுகிறது. போனுக்குச் சேர்வது மூன்று வாட்டுக்கும் குறைவு, ஐசியைச் சுட வைப்பது ஏழு வாட். இதற்குப் பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு) பொருத்தினால் ஐசி பிழைக்கும். போனுக்கு ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதிலாக, எல்எம் 2596 போன்ற ஐசி உள்ள 'பக் கன்வர்ட்டர்' பலகை ஒன்றை வாங்குங்கள். இது அழுத்தத்தைக் குறைக்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டித் தரும். வெயிலில் பேனல் சூடேறுவதால் 10 வாட் என்பது நடைமுறையில் ஏழு, எட்டு வாட்டாகத்தான் இருக்கும். பலகையிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்படியும் ஒன்று முதல் ஒன்றேகால் ஆம்பியர் வரை எதிர்பார்க்கலாம். போனைச் செருகுவதற்கு முன், பலகையில் உள்ள சிறு திருகைத் திருப்பி, வெளியீடு 5 வோல்ட்தான் என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அவசரப்பட்டால் போன் போய்விடும்.

மாற்றிய பிறகும் அரை ஆம்பியரே வருமானால், யுஎஸ்பி சாக்கெட்டைக் கவனியுங்கள். நான்கு முனைகளில் நடுவிலுள்ள இரண்டும் தகவலுக்கானவை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால்தான் பல போன்கள் எதிரில் இருப்பது சார்ஜர் என்று உணரும். இல்லையேல் கணினி என்று எண்ணி அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேகம் மறைக்கும் நேரத்தில், பேனலால் தர முடிவதைவிட அதிகமாகப் போன் இழுத்தால், பேனலின் அழுத்தம் 18 வோல்ட்டிலிருந்து சரேலென்று சரிந்து, சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்க இரண்டாவது திருகு உள்ள பலகையாக வாங்கி, ஒரு ஆம்பியரில் நிறுத்திவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்படியும் அடர்ந்த மேகத்தில் விட்டுவிட்டுத்தான் ஏறும் என்பதால், பகலில் பவர் பேங்கை ஏற்றிவைத்துக்கொண்டு, அதிலிருந்து போனுக்கு எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பவர் பேங்கைப் பேனலுக்கு அடியிலோ வெயிலிலோ வைக்காமல், அறைக்குள் நிழலில் வையுங்கள்.