14 பேர், ஒரு மழை நாள், சிங்கப்பூர்

கேள்வி: பெரிய குடும்பமாக வெளிநாடு சுற்றப் போன இடத்தில் ஒரு நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் அந்த நாளை எப்படி ஓட்டுவது?

கூட்டத்தை உடைத்துவிடுங்கள். மழை அன்றைக்கு இரண்டாவது தொல்லைதான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்கிற பிடிவாதம்தான் முதல் தொல்லை.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும், அதனால் மழையைக் கண்டு மிரளுகிற ஆட்கள் இல்லை. அரையாண்டு விடுமுறையில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர் போனோம். அம்மச்சி, பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், மைனி, இரண்டு அத்தைமார், அவர்கள் வீட்டு ஆட்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 14 பேர். டிசம்பரில் அங்கே மழை இருக்கும் என்று தெரிந்தேதான் போனோம். பள்ளிக்கூடம் லீவு விடும்போதுதானே போக முடியும்?

அன்று காலையில் ஓட்டல் வாசலிலேயே கூட்டம் போட்டாயிற்று. பெரியப்பாவுக்கு ஒரு வேன் பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போக ஆசை. அம்மச்சிக்கோ வெளியே போவதிலேயே இஷ்டமில்லை. "மக்களே, மழைன்னா வீட்டுக்குள்ள கிடக்கணும். இவ்வளவு பைசா குடுத்து நனையவா வந்தோம்?" என்று கேட்டார். வேன் யோசனையை நான் எதிர்த்ததற்குக் காரணம் உண்டு. வேன் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் 14 பேர் இறங்கி, குடை விரித்து, குடை மடக்கி, திரும்ப ஏறி, ஆள் எண்ணி முடிக்கவே அரை மணி நேரம் ஓடிவிடும். ஒருவருக்குக் கழிப்பறை என்றால் மற்ற எல்லாரும் ஈரத்தோடு காத்திருக்க வேண்டும். டாக்சியும் தோதுப்படாது. சாதாரண டாக்சியில் 4 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஆப்பில் கூப்பிடும் கார்களில் மழை நேரத்தில் கட்டணம் எகிறும். போதாததற்கு 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கார்களில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் அதில் விலக்கு.

ஆகவே ரயில்தான். சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரியாக 170 நாள் மழை பெய்கிறது, அதனால் ஊரையே மழைக்குத் தோதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதை உண்டு. லிட்டில் இந்தியா மாதிரிப் பழைய பகுதிகளில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத் தாழ்வாரம் தொடர்ச்சியாகப் போகும். 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோதே கடைக்காரர்கள் இப்படி நடைவழி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று விதித்துவிட்டார். ஒன்று கவனிக்க வேண்டும். அந்தத் தாழ்வாரங்களில் பல இடங்களில் வழவழப்பான ஓடு பதித்திருக்கும், தேய்ந்த ரப்பர் செருப்போடு வயதானவர்களை அதில் நடக்க விடாதீர்கள்.

ரயிலில் குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே கார்டைத் தட்டி நாலு பேர் உள்ளே போக முடியாது, ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். நம் ஊர் வங்கி தரும் விசா, மாஸ்டர்கார்டு கார்டும் வேலை செய்யும், ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் தின்பதற்கு அபராதம் உண்டு, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

எப்படிப் பிரிவது என்பதில்தான் சூட்சுமம். அண்ணன் குடும்பம், அத்தை குடும்பம் என்று பிரித்தால் ஒவ்வொரு குழுவிலும் ஒரு மெதுவாக நடப்பவர், ஒரு அழுகிற குழந்தை என்று அதே தொல்லை மூன்றாகப் பெருகும். நடை வேகத்தை வைத்துப் பிரியுங்கள். மெதுவாகப் போகிறவர்கள் ஒரு குழு, ஓடுகிற பிள்ளைகளும் இளவட்டங்களும் ஒரு குழு, கடைக்குப் போகிறவர்கள் ஒரு குழு. குழுவுக்கு ஒரு இணைய வசதியுள்ள போன், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். மத்தியானம் எங்கே சேர்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கூரை, கழிப்பறை, உட்கார இடம் மூன்றும் வேண்டும்.

நாங்கள் லிட்டில் இந்தியாவில் உள்ள டெக்கா சென்டரில் சேர்ந்தோம். கீழே காய்கறி, மீன் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே துணிக்கடைகளும் தையல்காரர்களும். மைனியும் அத்தைமாரும் மேலேயே இருந்துவிட்டார்கள். பெரியப்பா காலையிலேயே மீன் கடைப் பக்கம் போய் நெய்மீன் விலையைக் கேட்டு, அதை ரூபாயாக்கி, எங்கள் ஊர் வடசேரிச் சந்தை விலையோடு ஒத்துப் பார்த்து, விற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்து, ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரத்தைக் கழித்தார். எனக்குத் தெரிந்து அந்தப் பயணத்திலேயே அவர் அதிகம் ரசித்த இடம் அதுதான். மழை இல்லாவிட்டால் அங்கே அவர் போயிருக்கவே மாட்டார். சாப்பிடும் இடத்தில் 14 பேருக்கு ஒட்டுமொத்தமாக மேசை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நாலு நாலாக உட்காருங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைப்பது 2021 முதல் கட்டாயம்.

இளவட்டக் குழு அதற்குள் காம்ப்பெல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. 2015-இல் திறந்தது, நடந்தே போகலாம், திங்கட்கிழமை விடுமுறை.

மத்தியானத்துக்கு மேல் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு இடம் போதும். லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறினால் மாறாமல் பேஃபிரன்ட் போய் இறங்கலாம். அங்கிருந்து சுரங்க நடைபாதை வழியாக கார்டன்ஸ் பை தி பே தோட்டத்துக்குப் போகலாம், அதற்கப்புறம் கொஞ்ச தூரம் குடை வேண்டும். அங்குள்ள இரண்டு கண்ணாடிக் கூடங்களும் மழை நாளுக்கென்றே செய்தது போல இருக்கும். கிளவுட் ஃபாரஸ்ட் கூடத்தில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலையில் லிஃப்டில் ஏறி, சரிவுப் பாதையில் நடந்து இறங்கலாம், முட்டுவலிக்காரர்களுக்கு வசதி. ஆனால் உள்ளே குளிரூட்டியிருப்பார்கள், நனைந்த துணியோடு போனால் பல் கிட்டிக்கும். அம்மச்சிக்கு ஒரு சால்வை, பிள்ளைகளுக்கு மாற்று பனியன், எல்லாருக்கும் மாற்று காலுறை. குடையை விட இதுதான் முக்கியம் என்பேன்.

திறந்தவெளிச் சமாச்சாரங்களுக்கு மட்டும் மழைக்காலத்தில் முன்கூட்டியே பணம் கட்டி வைக்காதீர்கள். அங்கே இடி மின்னல் அதிகம். மின்னல் அபாயம் இருந்தால் கேபிள் காரையும் தோட்டத்தின் உயர நடைபாலத்தையும் நிறுத்திவிடுவார்கள். கடல் கொந்தளித்தால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விட மாட்டார்கள் இல்லையா, அதே கதைதான். டிக்கெட் கவுண்டரில் சண்டை போடும் வெளியூர்க்காரர்களைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, பாலம் மூடியிருக்கிறது என்றதும் எங்கள் ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகமும் மழைக்கு நல்ல இடம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை நடுவே தண்ணீர் கொட்டுகிறது, உலகிலேயே உயரமான உள்ளரங்க அருவி அதுதான். மழைநீரைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். வெளியே மழைக்கு ஒதுங்கி, உள்ளே போய் மழையை வேடிக்கை பார்க்கிறோம்! அம்மச்சி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "திற்பரப்புல நின்னு குளிக்கலாம், இதுல கைய நனைக்கக் கூட விடமாட்டான்" என்றார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப் போயிற்று. நாங்கள் அதை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொண்டோம், அதுவே சரி. நகரத்திலிருந்து அதற்கென்று தனியாகப் போய் வந்தால் நல்ல நேரம் ரயிலிலேயே கழியும்.

சாயங்காலத்தைக் காலியாக விடுங்கள். மழை விட்டால் அந்தத் தோட்டத்தில் உள்ள சூப்பர்ட்ரீ என்கிற செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி இரவு 7:45-க்கும் 8:45-க்கும் இலவசம், பெய்தால் ரத்தாகலாம். எங்களுக்கு முதல் காட்சிக்கு மழை விடவில்லை. இரண்டாவதுக்கு இளவட்டங்கள் மட்டும் இருந்து பார்த்தார்கள். மற்றவர்கள் அதற்குள் அறைக்குப் போய்க் கஞ்சியும் ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.