மேமோகிராமா, அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா? கேளுங்கள், சொல்கிறேன்

வேலூரில் மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றைத் தேடும் எக்ஸ்ரே, எடுப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

காட்பாடி, 46 வயது: மேமோகிராம் நார்மல், ஆனால் அடர்த்தியான மார்பகம் என்று அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்கிறார்கள். முதலிலேயே அதை எடுத்திருக்கலாமே அக்கா?

இல்லைம்மா, இரண்டும் வேறு வேறு வேலை. படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால் சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். அதனால் அந்தத் திசு அதிகமாக உள்ள, அதாவது அடர்த்தியான மார்பகத்தில் கட்டியைத் தேடுவது வெள்ளை வேட்டியில் விழுந்த மல்லிகையைத் தேடுகிற மாதிரி. அங்கே அல்ட்ராசவுண்ட் கை கொடுக்கும். ஆனால் சில புற்றுகள் கட்டியாகும் முன்பே உப்புத் தூவியது போலச் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும், அதை மேமோகிராம் பிடிப்பதுபோல் அல்ட்ராசவுண்ட் பிடிக்காது. இரண்டும் எடுங்கள்.

குடியாத்தம், 31: அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்று வந்தது, சித்திக்கு 38-இல். நான் என்ன எடுப்பது?

முதலில் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் வருடத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, அதுவும் நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது. மருந்து இல்லாத எம்ஆர்ஐ இதற்கு உதவாது, காசுதான் போகும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு எம்ஆர்ஐ பொதுவாகத் தேவைப்படாது. 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு மேமோகிராம் என்பதுதான் 2024-இல் அமெரிக்க நிபுணர் குழு சொன்னது.

ஆம்பூர், ஷூ கம்பெனி வேலை: முகாமில் தெர்மோகிராபி எடுத்தார்கள், தொடவே இல்லை. போதுமா?

போதாது. அது தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது. மேமோகிராமுக்கு அது மாற்றல்ல என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஆற்காடு, 52: நசுக்குவார்களாமே, வலிக்குமா?

அழுத்தும், சில விநாடிதான். மாதவிலக்கு நிற்காதவர்கள் அது முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறையும். அப்புறம், அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். போன வாரம் ஒரு அம்மா குளித்துப் பவுடர் போட்டு வந்தார், படத்தில் அக்குள் பக்கம் பொடிப் பொடியாகப் புள்ளிகள், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது, அதுவரை பாவம் அவருக்குக் கை நடுக்கம்.

ஒடுகத்தூர், 44: கட்டி தட்டுப்படுகிறது, வலி இல்லை. ஆடிக்கிருத்திகை முடிந்து போகலாமா?

வேண்டாம் தங்கச்சி, இந்த வாரமே போங்கள். வலி இல்லை என்பதால் நல்ல கட்டி என்று அர்த்தமில்லை. கையில் கட்டி பட்டபிறகு எந்தப் படம் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், டாக்டர் தொட்டுப் பார்த்து மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் அனுப்புவார், சந்தேகம் இருந்தால் ஊசிப் பரிசோதனை. ஊசி குத்தினால் பரவும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். மேமோகிராம் நார்மல் என்றே வந்தாலும் கட்டி அங்கேயே இருந்தால் விடாதீர்கள், மறுபடி போய்க் காட்டுங்கள். பழைய படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.