மரத்துக்கு மேலே எதைக் கொண்டுபோவது? ஏறுபவர்களின் கேள்விகள்

இடுப்பில் ஏற்கெனவே அருவாப்பெட்டி இருக்கிறது. முதலுதவிப் பெட்டியை எங்கே கட்டுவது? (பனையேறி, உடன்குடி)

பெட்டியே வேண்டாம். மேலே போக வேண்டியது ரத்தத்தை நிறுத்தும் சாமான் மட்டும்: தடிமனான காஸ் (காயத்துக்கு வைக்கும் வலைத்துணி) திண்டு ஒன்று, இழுத்துச் சுற்றும் எலாஸ்டிக் கட்டுத்துணி ஒன்று. ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றினால் உள்ளங்கை அளவுதான் வரும். பல்லால் கடித்துக் கிழிக்க வசதியாகக் கவரின் ஓரத்தில் சின்ன வெட்டு போட்டு வையுங்கள். வெட்டுப்பட்ட பிறகு உங்களுக்கு இருக்கப்போவது ஒரு கைதான்.

அருவாப்பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். அருவாள் நுனி கவரைக் கிழித்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்பு பட்ட துணியைக் காயத்தில் வைத்தால் புண்ணும் சேர்ந்து வரும். தனிப் பையாக இடுப்பில் சற்றுப் பக்கவாட்டில் கட்டுங்கள். நேர் முன்னால் கட்டினால் மரம் உரசும். தரையில் நின்று வலக்கையால் ஒரு முறை, இடக்கையால் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எந்தக் கைக்கு எட்டாவிட்டாலும் இடத்தை மாற்றுங்கள்.

செயின்சா வைத்துக் கிளை வெட்டுகிறேன். தலைத்துண்டை முறுக்கிக் கட்டினால் போதாதா? (தேனி)

அழுத்திப் பிடிக்கத் துண்டு நல்லதுதான். ஆனால் செயின்சா சதையைப் பிய்த்துவிடும். ரத்தம் பீய்ச்சினால் டூர்னிக்கே என்கிற இறுக்குப்பட்டை வேண்டும். இதைக் கை, காலில் மட்டும்தான் போடலாம். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, முழங்கை, முழங்கால் மூட்டின்மேல் வராமல் போட்டு, ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். உயிர் போகிற மாதிரி வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனையில் சொல்லுங்கள். கம்பியும் மெல்லிய கயிறும் கூடவே கூடாது. சதையைத்தான் அறுக்கும். இந்தப் பட்டையை பிளாஸ்டிக் உறை பிரித்து, தயாராக பெல்ட்டில் மாட்டி வையுங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் செயின்சாவோடு மேலே போகிறவர் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பதநீர்க் கலயத்துக்குப் பூசும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால்?

கசக்காமல் இறங்குங்கள். மரத்தடியில் குடம் நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடமாவது விடாமல் ஊற்றுங்கள், இமைக்கு அடியில் ஒட்டிய துகளையும் கழுவி எடுங்கள். அப்புறம் நேரே கண் மருத்துவரிடம். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடாதீர்கள்.

கதண்டு (விஷக்குளவி) கொட்டினால் மாத்திரை போதுமா?

வெறும் வீக்கம், அரிப்பு என்றால் சமாளிக்கலாம். மூச்சுத் திணறல், உதடு வீங்குதல், தலைசுற்றல், பல இடங்களில் கொட்டு என்றால் மாத்திரையை நம்பி உட்காராமல் 108. உண்மையில், மட்டையில் கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே பார்த்துவிட்டு ஏறுவதுதான் வைத்தியம்.

தென்னை ஏறும் இயந்திரத்தில் ஒருவர் மயங்கி பெல்ட்டில் தொங்கினால்? (பொள்ளாச்சி)

அசையாமல் தொங்குவதே ஆபத்து. ரத்தம் காலிலேயே தங்கிவிடும். சீக்கிரம் இறக்குங்கள். இறக்கியபின் உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள், இப்போது அப்படியில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா பாருங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இறக்க ஆள் வேண்டுமே! தனியாக ஏறப் போகிறவரிடம் எந்தச் சாமானைச் சொல்லியும் பயனில்லை. கீழே நிற்பவரிடம் சார்ஜ் உள்ள போன் இருக்க வேண்டும். தோப்புக்குள் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையும் என்பதால், ரோட்டில் போய் நிற்க இன்னொருவரையும் அனுப்புங்கள்.